பச்சை விளக்கும் பீப் சத்தமும்

புது பேட்டரி மாட்டி 22 நாள்தான் ஆகியிருந்தது. காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினேன். "டிக்" என்றது. மறுபடி அழுத்தினேன். "டிக், டிக், டிக்." ஒவ்வொரு டிக்குக்கும் நியூட்ரல் விளக்கு மங்கி மங்கி எரிந்தது. என் வண்டியில் கிக்கர் கிடையாது. இரண்டாவது கியரில் போட்டு, கிளட்ச் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடி, மூச்சு வாங்க ஸ்டார்ட் செய்து, வேர்த்து விறுவிறுத்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. பேட்டரி விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்பது தெரிய இரண்டு வாரம் ஆனது.

பழைய பேட்டரியில் இருந்தே சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட், 6 ஆம்பியர்-அவர் (அதன் கொள்ளளவு), சீல் வைத்த லெட் ஆசிட் வகை. மூன்று வருடம் ஓடியிருந்தது. கடைசி மாதம் அடிக்கடி படுத்துக்கொண்டது. சார்ஜரில் போட்டால் இருபதே நிமிடத்தில் பச்சை விளக்கு எரியும். "பரவாயில்லையே, சீக்கிரம் ஏறிவிட்டதே" என்று சந்தோஷப்பட்டேன். நான் பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவன், இந்தக் கணக்கு எனக்கே உறைத்திருக்க வேண்டும். பாதி காலியான 6 ஆம்பியர்-அவர் பேட்டரிக்குள் 3 ஆம்பியர்-அவர் போயாக வேண்டும். என் சார்ஜர் தருவது 0.6 ஆம்பியர். அப்படியானால் குறைந்தது ஐந்து மணி நேரம் ஆக வேண்டும், கழிவையும் சேர்த்தால் இன்னும் கூட. இருபது நிமிடத்தில் உள்ளே போனது வெறும் 0.2. வயிறு நிறைந்ததால் பச்சை எரியவில்லை, வாய் கட்டிப்போனதால் எரிந்தது.

காலியாகவே கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் லெட் சல்ஃபேட் கெட்டிப் படிகமாகப் படிந்துவிடும். அதற்குப் பிறகு மின்சாரம் உள்ளே இறங்காது. சார்ஜர் கொடுக்கிற அழுத்தத்துக்கு வோல்ட் மட்டும் சரசரவென்று ஏறும். சார்ஜர் வோல்ட்டைப் பார்த்து "முடிந்தது" என்கிறது. வெளியே எடுத்து ஒரு மணி நேரம் விட்டு மல்டிமீட்டரால் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) அளந்தால் 12.6 காட்டும், நல்ல பேட்டரி மாதிரியே. செல்ஃப் அடித்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தால்தான் குட்டு உடையும். என்னுடையது 7.2-க்கு விழுந்தது. ஆரோக்கியமான பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குப் பக்கத்திலாவது நிற்க வேண்டும். ஆகவே பழசைத் தூக்கிப் போட்டது சரியான முடிவுதான். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் தூக்கிப் போட்டதுதான் தப்பு.

அந்தக் கேள்வியைக் கேட்டது சித்தப்பா. முப்பது வருடம் லாரிகளுக்கு வயரிங் பார்த்தவர். இப்போது கண் சரியாகத் தெரியாததால் வேலையை விட்டுவிட்டார், ஆனால் காது கூர்மை. போனில் அந்த டிக் டிக் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன்.

"புது பேட்டரி போட்டியே, பழசு எதனால செத்துச்சுன்னு பாத்தியாடா?"

"மூணு வருஷம் ஆச்சு சித்தப்பா. வயசாயிடுச்சு."

"வயசாகிச் செத்தா சரி. பட்டினி கெடந்து செத்திருந்தா? புதுசையும் அதே வீட்லதான கட்டிக் குடுத்திருக்க?"

முதலில் சார்ஜ் ஏற்று, பிறகு வண்டியை அளக்கலாம் என்றார். அன்று இரவே சார்ஜரை மாட்டினேன். வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றக்கூடச் சோம்பல். சீட்டுக்கு அடியில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன வயர் எப்போதும் பேட்டரியோடு இணைந்தே இருக்கும், சார்ஜரின் முனையை அதில் சொருகினால் போதும். சொருகினேன், பச்சை எரிந்தது, தூங்கப் போய்விட்டேன். காலையில் அதே டிக்.

ராத்திரி முழுக்க ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. அந்தச் சின்ன வயரின் நடுவில் ஒரு ஃப்யூஸ் இருக்கிறது. அது எப்போதோ போயிருக்கிறது. என் சார்ஜர் மாதிரி சாதாரண சார்ஜர்கள் பலவற்றில், பேட்டரியே மாட்டாமல் கரண்டில் சொருகினாலும் பச்சைதான் எரியும். "எடுத்துக்கொள்ள ஆளில்லை" என்பதும் "எடுத்துக்கொண்டு முடித்துவிட்டது" என்பதும் அதற்கு ஒன்றுதான். ஆக ஒரே பச்சை விளக்கு என்னை இரண்டு விதமாக ஏமாற்றிவிட்டது.

இப்போது விளக்கைப் பார்ப்பதே இல்லை. சார்ஜரைப் போடுவதற்கு முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் மீட்டரை வைத்துப் பார்ப்பேன், 12.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்தில் மறுபடி. 12.8, 13 என்று நகர்ந்திருந்தால் கரண்ட் போகிறது. 12.0-விலேயே நின்றால் வழியில் எங்கேயோ அறுந்திருக்கிறது: ஃப்யூஸ், கிளிப், அல்லது டெர்மினல் மேல் பூத்த வெள்ளைப் பொடி. பேட்டரி ரொம்பவே இறங்கிப்போயிருந்தால் சில ஸ்மார்ட் சார்ஜர்கள் அதை பேட்டரியாகவே மதிக்காமல் மறுத்துவிடும், அது வேறு கதை. மணிக்கணக்கில் சார்ஜ் ஏற்றி, ஒரு இரவு ஆறவிட்ட பிறகும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறது என்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதை எந்த சார்ஜராலும் பிழைக்க வைக்க முடியாது.

பேட்டரியைக் கழற்றி நிதானமாக ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்து ஸ்பேனரை எடுத்தேன். அவசரத்தில் பாசிட்டிவ் போல்ட்டை முதலில் திருகிவிட்டேன். ஸ்பேனரின் மறுமுனை ஃப்ரேமில் உரசியது. "சட்" என்று ஒரு வெள்ளை வெளிச்சம், காய்ச்சிய இரும்பின் வாசனை. ஸ்பேனரின் விளிம்பில் எலி கொறித்த மாதிரி ஒரு பள்ளம். அது இன்னும் இருக்கிறது. வண்டியின் ஃப்ரேம் முழுக்க நெகட்டிவ். அதனால் கழற்றும்போது நெகட்டிவ்தான் முதலில், மாட்டும்போது அதுதான் கடைசியில். நெகட்டிவ் போய்விட்டால் ஸ்பேனர் ஃப்ரேமில் உரசினாலும் ஒன்றும் ஆகாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வரலாம். அந்த நேரத்தில் இப்படி ஒரு பொறி விழுந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்று சித்தப்பா திட்டினார். கிளிப்பை மாட்டிய பிறகுதான் சுவிட்ச், சுவிட்சை அணைத்த பிறகுதான் கிளிப். காற்றோட்டமான இடம். காருக்கான 6 ஆம்பியர் சார்ஜரை இதில் வைக்கவே கூடாது. சார்ஜர் தரும் ஆம்பியர், ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் சரியான கணக்கு.

மறுநாள் பேட்டரி ஆறிய பிறகு 12.7. செல்ஃப் அடித்தால் 10.4. ஆக, பேட்டரி நல்ல பேட்டரி. பட்டினி போட்டது வண்டி.

வண்டியை ஸ்டார்ட் செய்து டெர்மினலில் மீட்டர் வைத்தேன். ஐடிலிங்கில், ஹெட்லைட் போட்டால் 12.3. ஆக்சிலேட்டரை முறுக்கி 4,000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனால் 12.9. அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் நகரவில்லை. அந்த வேகத்தில் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். 12.9 என்பது பேட்டரியைச் சாகவிடாமல் பிடித்து வைக்கும், நிரப்பாது. ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் எடுத்த செலவு வரவாகத் திரும்பி வராது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் ஏறி, இருபத்திரண்டாம் நாள் திவால்.

"மேக்னட் காயில் போயிருக்கும், மாத்திடுங்க" என்று இரண்டு பேர் சொன்னார்கள். "ரெக்டிஃபையர்தான், கண்ணை மூடிட்டு மாத்துங்க" என்று இன்னொருவர். இன்ஜின் சுழலும்போது மின்சாரம் தயாரிப்பது காயில். அது தரும் ஏசியை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றுவது ரெக்டிஃபையர். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

காயிலை அளப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. இன்ஜினுக்குள் இருந்து மூன்று மஞ்சள் வயர் வந்து ஒரு கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) முடிகிறது. அதைப் பிரித்து, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டிரண்டாகப் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் 17, 17, 17. முறுக்கினால் 54, 53, 54. இங்கே எண்ணை விடச் சமத்துவம்தான் முக்கியம். மூன்றில் ஒரு ஜோடி மட்டும் பாதியாக இருந்தால் காயிலில் ஒரு பக்கம் கருகியிருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு மஞ்சளுக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருக்கக் கூடாது, இல்லை. காயில் தப்பித்தது. (முறுக்கும்போது அந்தப் பின்களில் கை வைக்காதீர்கள். 50 வோல்ட் ஏசி விளையாட்டில்லை.)

ரெக்டிஃபையரை மீட்டரின் டையோடு குறியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மஞ்சளுக்கும் ஒரு திசையில் 0.5 பக்கம், புரட்டி வைத்தால் ஒன்றும் இல்லை. மூன்றும் ஒரே மாதிரி. அதுவும் தப்பித்தது.

மிச்சம் இருப்பது வயர். மீட்டரைப் பீப் அடிக்கும் குறியில் வைத்தேன். ரெக்டிஃபையரின் சிவப்பு வயரில் ஒரு முனை, பேட்டரி பாசிட்டிவில் ஒரு முனை. பீப்! கணீர் என்று. எர்த் (நெகட்டிவ்) வயர்? பீப்! வயரும் தப்பித்தது. எல்லாரும் நிரபராதி, ஆனால் வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது.

இரவு பத்து மணிக்கு சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "பீப் அடிச்சா வயர் நல்லாருக்குன்னு எவன்டா சொன்னது?" என்றுதான் ஆரம்பித்தார். "மீட்டர் அனுப்புறது எறும்பு நடக்குற அளவு கரண்ட். எறும்பு போற வழியில எல்லாம் லாரி போயிடுமா? வண்டியை ஓட விட்டு, முறுக்கிப் பிடிச்சுட்டு, டிசி வோல்ட்ல வெச்சு அந்த வயரோட ரெண்டு முனையையும் பாரு."

அதற்கு முன்னால் ஒரே வயரின் இரண்டு முனைக்கு இடையே வோல்ட் பார்க்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. வோல்ட் என்றால் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். ரெக்டிஃபையர் கப்ளரின் பின்பக்கமாக ஒரு குண்டூசியைச் சிவப்பு வயரோடு செருகி அதில் மீட்டரின் சிவப்பு முனை. கறுப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவில். இரண்டுமே பாசிட்டிவ். நல்ல வயராக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி, மிஞ்சினால் 0.2 காட்ட வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டு முறுக்கினேன்.

1.4.

கணக்கெழுதுகிறவனுக்கு இதைவிட இனிய தருணம் கிடையாது. ரெக்டிஃபையரின் வாசலில் அளந்தால் 14.3. பேட்டரிக்கு வந்து சேர்வது 12.9. தொலைந்த 1.4 இதோ, இந்த ஒரு முழ வயருக்குள் இருக்கிறது. ரெக்டிஃபையருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் தன் வாசலில் 14.3 இருப்பதைப் பார்த்து "போதும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அது அனுப்பியதில் என்ன போய்ச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் எவ்வளவு முறுக்கியும் எண் நகரவில்லை.

கப்ளரைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளியதும் கருகிய பிளாஸ்டிக் வாடை. வெள்ளைக் கப்ளரில் சிவப்பு வயர் நுழையும் துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு ஏறி, ஒரு மூலை மெழுகு மாதிரி வழிந்து உறைந்திருந்தது. பின்னை வெளியே எடுக்கச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டியிருந்தது. பெண் பின்னின் இரண்டு மடிப்பும் ஆண் பின்னைக் கவ்விப் பிடிக்க வேண்டும். கவ்வவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. நிறம் பித்தளை இல்லை, ஊதாவும் கறுப்பும். வயரின் ரப்பர் ஒரு விரற்கடை தூரத்துக்கு விறைத்துப்போய், வளைத்தால் நொறுங்கியது.

அன்று வண்டியில் ஓடியது ஹெட்லைட் 35 வாட், பின் விளக்கு, இக்னிஷன், வண்டியின் மீட்டர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50 வாட். அதாவது 4 ஆம்பியர் பக்கம். 1.4-ஐ 4-ஆல் பெருக்கினால் 5.6 வாட். பார்க்கிங் லைட்டில் போடுகிற பல்பு 5 வாட். நெல் மணி அளவு பின்னுக்குள் ஒரு பார்க்கிங் பல்பு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது, மாதக்கணக்கில். பின் கொஞ்சம் தளர்ந்தால் சூடாகும், சூடானால் உலோகம் பிடிப்பை இழந்து இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. எங்கேயாவது ஆரம்பித்துவிட்டால் தானாக நிற்காது. இவ்வளவு செய்த அந்தப் பின்னின் தடை எவ்வளவு தெரியுமா? 0.35 ஓம். என் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டும். பல மீட்டர்களில் 30 ஓம் வரைக்கும் பீப் அடிக்கும். அதனிடம் போய்ச் சாட்சி கேட்டிருக்கிறேன்.

பழுதுபார்ப்பு பெரிய விஷயமில்லை. வயரைப் பளபளப்பான செம்பு தெரிகிற வரைக்கும் வெட்டிக்கொண்டே போனேன், இரண்டு அங்குலம் போனது. கொஞ்சம் தடிமனான புது வயர் ஒட்டு, புதுப் பின், கிரிம்ப் கருவியால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம், அது அடுத்த பார்க்கிங் பல்புக்கு இடம் பிடித்து வைப்பது. போகிற போக்கில் எர்த் பக்கத்தையும் அதே மாதிரி அளந்தேன், 0.3. ஃப்ரேமில் எர்த் வளையம் உட்காரும் இடத்தில் பெயின்ட்டும் களிம்பும். உப்புத்தாளால் தேய்த்து மாட்டியதும் 0.05.

மறுபடி ஸ்டார்ட். முறுக்கினேன். 13.4, 13.8, 14.2. நின்றது. ஹெட்லைட் போட்டால் 14.1.

15-ஐத் தாண்டியிருந்தால் கதை தலைகீழ். அப்போது ரெகுலேட்டர்தான் குற்றவாளி. பேட்டரி உப்பும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பல்பு மாற்றி மாளாது. அதை நான் அனுபவித்ததில்லை, சித்தப்பா நிறைய பார்த்திருக்கிறார். அவர் காலத்துப் பழக்கம் ஒன்றையும் சொன்னார். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி அணையாவிட்டால் சார்ஜிங் நல்லா இருக்கு என்று முடிவுகட்டுவது. "நானும் பண்ணியிருக்கேன், நீ பண்ணாத" என்றார். வோல்ட் துள்ளுவதைத் தாங்கிக்கொள்கிற மெத்தை பேட்டரிதான். அதை எடுத்துவிட்டால் அடி நேராக சிடிஐ (ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் மின்னணுப் பெட்டி) மேலும் வண்டியின் மீட்டர் மேலும் விழும்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் வண்டியை எடுக்கவில்லை. எட்டாம் நாள் அளந்தால் 12.3, செல்ஃப் இழுத்து இழுத்து எடுத்தது.

சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்தேன். முதலில் 10 ஆம்பியர் துளையில், பிறகு சின்ன அளவில். (மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். என்னிடம் இப்போது இரண்டு உபரி ஃப்யூஸ் இருப்பதற்குக் காரணம் உண்டு.) 18 மில்லிஆம்பியர். தூங்குகிற வண்டி கடிகாரத்துக்காக ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் எடுக்கலாம். 18 என்றால் ஒரு நாளைக்கு 0.43 ஆம்பியர்-அவர், ஒரு வாரத்தில் 3. அதாவது பாதி பேட்டரி.

ஃப்யூஸ் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எதற்கும் குறையவில்லை. ஏனென்றால் அந்தத் திருடன் எந்த ஃப்யூஸுக்கும் பின்னால் இல்லை. ஹேண்டில்பாரில் போன் சார்ஜ் ஏற்ற ஒரு யூஎஸ்பி சாக்கெட், நேராக பேட்டரியில் இருந்து, தனி ஃப்யூஸ்கூட இல்லாமல். அதைப் பிடுங்கியதும் எண் 1-க்கு இறங்கியது. அதை மாட்டியது யார் என்று சித்தப்பா கேட்டார். சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானேதான், ரொம்பப் பெருமையாக. இப்போது சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற வயரில், 2 ஆம்பியர் ஃப்யூஸோடு இருக்கிறது.

சீட்டின் அடிப்பக்கம் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறியபின் 12.7. செல்ஃப் 10.4. முறுக்கினால் 14.2. சிவப்பு வயர் 0.08, எர்த் 0.05. தூக்கத்தில் 1 மில்லிஆம்பியர். மாதம் ஒரு முறை அளந்து பக்கத்தில் தேதி போடுகிறேன். போன வாரம் சிவப்பு வயர் 0.09 காட்டியது. இரண்டு முறை கப்ளரை அழுத்திவிட்டு மறுபடி அளந்தேன். 0.08.